எட்டுக் கண்டங்கள்

அத்-பாஷிக்கு மேலே, சாலை முடிகிற ஊரில்
பள்ளியின் நாலாம் வகுப்புதான் இன்றைக்கு என் ஸ்கேன் அறை.
சன்னலுக்குச் சாக்குத் திரை.
இரண்டு மேசையைச் சேர்த்தால் கட்டில்.
சுவரில் உலகப் படம்: கண்டங்கள் ஏழு.
ஈரலுக்கு எட்டு.
சொன்னால் இங்கே படிக்கிற பிள்ளைகள் நம்பமாட்டார்கள்.

வெளியே எர்மெக் ஜெனரேட்டரைத் திட்டிக்கொண்டிருக்கிறான்.
ஜெல் குப்பியை அக்குளில் வைத்துச் சூடேற்றுகிறேன்.
நாற்பத்தோராவது ஆள்:
தொக்தொசுன், வயது ஐம்பத்தெட்டு,
ஆடு நானூறு, அதில் சொந்தம் அறுபது, நாய் ஒன்று.
வலி?
"இல்லை. சாப்பிட்டால் வலப்பக்கம் ஒரு கனம்,
யாரோ உட்கார்ந்திருக்கிற மாதிரி."

மூச்சை இழுங்கள்.
பிடியுங்கள்.
விலாவுக்குப் பின்னாலிருந்து ஈரல்
மெல்ல இறங்கி வந்து எட்டிப் பார்க்கிறது.
விடுங்கள் என்றதும் திரும்பிப் போகிறது.

வருகிறவர்கள் திரையைப் பார்ப்பதில்லை,
என் முகத்தைத்தான் பார்ப்பார்கள்.
புருவத்தை அசையாமல் வைத்திருக்கப்
பதினொரு வருடம் பழகியிருக்கிறேன்.
இவர் என்னைக் கவனிக்கவே இல்லை.
கழுத்தைத் திருப்பித் திரையைப் பார்த்தார்,
சந்தையில் ஆடு பார்க்கிற கண்ணால்.

"அது பித்தப்பை" என்றார், நான் சொல்லுமுன்.
"கத்தி பட்டால் கறி முழுக்கக் கசக்கும்."
ஆமாம்.
"இந்தக் கறுப்பு, பெரிய ரத்தக் குழாய். முதுகை ஒட்டி ஓடும்."
ஆமாம்.
"சிறுநீரகம். சுற்றிக் கொழுப்பே இல்லை. குளிர்காலம் மோசம்."
சிரித்துவிட்டேன். அவரும்.
அவர் சிரிப்பில் படம் குலுங்கி உடைந்தது.

பிஷ்கெக்கில் ஆறு வருடம் நான் படித்த வயிற்றை
அவர் ஒவ்வொரு இலையுதிர் காலமும்
புல்லில் மண்டியிட்டுத் திறந்திருக்கிறார்.
என் கருவிக்கு வெட்டத் தெரியாது.
ஒலியை அனுப்பிவிட்டுக் காத்திருக்கும்,
பள்ளத்தாக்கில் ஆட்டைத் தொலைத்தவன்
கூப்பிட்டுவிட்டு நிற்பதுபோல.
கல் வெள்ளையாகப் பதில் சொல்லும்.
தண்ணீர் சொல்லாது.

ஏழாம் கண்டத்தில், உதரவிதானத்துக்குக் கீழே
பதில் சொல்லாத ஒரு வட்டம்.
ஏழரை சென்டிமீட்டர்.
உள்ளே, சுவரைவிட்டு உரிந்த வெள்ளைச் சவ்வொன்று
மடிந்து மிதந்து
அவர் மூச்சுக்கு ஆடுகிறது.
ஆம்பல் குறி என்கிறது பாடப்புத்தகம்.
நான் ஆம்பலைப் பார்த்ததில்லை.
இந்த உயரத்தில் குளம் பாதி வருடம் கண்ணாடி.

"ஆடை" என்றார் தொக்தொசுன்.
"ஆறின பாலில் விலகின ஆடை."
அப்புறம், குரல் இறங்கி,
"இதை எனக்குத் தெரியும்.
ஆட்டு ஈரலில் வரும். நீர்க்கொப்புளம்.
உடைத்தால் உள்ளே மணல் மாதிரி."

வந்தால் என்ன செய்வீர்கள்?
கேட்டிருக்க வேண்டாம்.
ஆனால் படிவத்தில் அந்தக் கேள்வி இருக்கிறது.

"அறுத்து மொய்னோக்குக்குப் போடுவேன்."

ஜெனரேட்டர் மட்டும் பேசிக்கொண்டிருந்தது.

நாய் தின்றால் நாய்க்குள் புழு.
புழுவின் முட்டை ரோமத்தில்,
ரோமம் தடவிய கையில்,
கை பிய்த்த ரொட்டியில்.
நான் சொல்லச் சொல்ல
அவர் தன் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.
"எனக்குள்ளிருந்து இது எங்கே போகும்?"
எங்கும் போகாது. மனிதனோடு அதன் வழி முடிந்துவிடும்.
"சரிதான். என் ஈரலை யார் நாய்க்குப் போடப்போகிறார்கள்?"
இந்த முறை அவர் மட்டும் சிரித்தார்.

சீட்டில் எழுதினேன்: மாத்திரை, நரின் ஆஸ்பத்திரி,
அங்கே சி.டி., பிறகு அறுவைக்காரர்கள் முடிவு.
நாய்க்கும் மாதம் ஒரு மாத்திரை.
"அதைச் சுடச் சொல்லமாட்டீர்களே?"
மாட்டேன்.
படத்தை வாங்கி
வெள்ளைக் கம்பளித் தொப்பிக்குள் மடித்து வைத்து
வயிற்று ஜெல்லைத் துடைக்காமலே சட்டையை இறக்கினார்.

சாக்குத் திரையின் கிழிசலில் பார்த்தேன்.
மொய்னோக் வாலோடு உடம்பையும் ஆட்டிக்கொண்டு ஓடி வந்தது.
அவர் இரண்டு கையையும்
முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார்,
நாலாம் வகுப்புப் பையன் மாதிரி.
அது கொஞ்சம் யோசித்தது.
பிறகு சுற்றிக்கொண்டு
பின்பக்கம் போனது.